பதினோரு வாரம், பன்னிரண்டு அணி: ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி லீக் கேள்வி–பதில்

ஆஸ்திரேலியாவில் ஜூலையில் தொடங்கி அக்டோபரின் முதல் ஞாயிறன்று முடியும் என்ஆர்எல்டபிள்யூ (பெண்கள் ரக்பி லீக்) தொடரின் 2025 சீசன் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊரில் ரக்பி பார்த்து வளர்ந்தவள் நான். இந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்த்தால் லைன் அவுட் இல்லை, மோல் இல்லை. விழுந்தவர் எழுந்து நின்று காலால் பந்தைப் பின்னே உருட்டுகிறார். இது எந்த ரக்பி?
– வாசகி, கண்டி

நீங்கள் பார்த்து வளர்ந்தது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். இது ரக்பி லீக், அணிக்கு 13 பேர். 1895இல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் தனியே பிரிந்து போனதில் பிறந்தது. பிரிவுக்குக் காரணம் விதிகள் அல்ல, காசு. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடு கட்டலாம் என்றார்கள் வடக்கத்தியர்கள். கூடாது என்றது தலைமைச் சங்கம். விதிகள் மாறியது அதற்குப் பிறகுதான். 1906இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை 13 ஆனது. பிடிபட்டவர் எழுந்து காலால் பந்தைப் பின்னே தள்ளும் ‘ப்ளே தி பால்’ முறையும் அப்போது வந்ததுதான்.

நீங்கள் கவனித்தது சரி. வெளியே போன பந்தை இரு வரிசையாக நின்று எடுக்கும் லைன் அவுட் கிடையாது. ரக், மோல் என்று குவிந்து பந்துக்கு மல்லுக்கட்டுவதும் கிடையாது. பிடித்தவர்கள் விட்டுவிட்டு எழ வேண்டும், பிடிபட்டவர் எழுந்து பந்தைப் பின்னே உருட்ட வேண்டும். அதை எடுத்து விளையாட்டைத் தொடங்குபவர் ‘டம்மி ஹாஃப்’. அந்த நேரத்தில் எதிரணியின் தடுப்பு வரிசை 10 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஆட்டத்தின் வேகம் முழுவதும் இந்த 10 மீட்டரில்தான் இருக்கிறது.

இதே குழப்பம் சென்னை வாசகர் ஒருவருக்கும் வந்திருக்கிறது. 2025இல் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்ற சென்னை புல்ஸ் ஆடியது ஏழு பேர் கொண்ட செவன்ஸ். அது யூனியன் வீட்டுப் பிள்ளை. லீக்குக்கும் அதற்கும் பந்தின் வடிவம்தான் ஒற்றுமை.

ஆறு டேக்கிள் என்கிறார்கள். ஐந்தாவதிலேயே உதைத்து விடுகிறார்களே, ஒன்றை ஏன் வீணாக்குகிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

வீணாக்கவில்லை. டேக்கிள் என்றால் பந்துடன் ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது. பந்து வைத்திருக்கும் அணி ஆறாவது முறை பிடிபட்டால், பிடிபட்ட அந்த இடத்திலேயே பந்தை எதிரணியிடம் கொடுக்க வேண்டும். அதனால் ஐந்து முறை பிடிபட்ட பிறகு கையில் மிஞ்சுவது ஒரே ஒரு வாய்ப்பு. தன் பாதியில் நிற்கும் அணி அந்த வாய்ப்பில் ஓடினால் எதிரணிக்குப் பந்து பாதி மைதானத்திலேயே கிடைக்கும். உயர உதைத்துத் துரத்தினால், எதிரணி தன் கோட்டுக்கு அருகிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மைதானம் 100 மீட்டர் நீளம். ஒரு நல்ல உதை அதில் 40 மீட்டரை வாங்கித் தரும்.

இதில் பெண்கள் தொடருக்கென்று ஒரு தனி விதி உண்டு. ஆண்கள் தொடரில் ‘40/20’: தன் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, பந்து மைதானத்துக்குள் ஒருமுறையாவது குத்தி, எதிரணியின் 20 மீட்டர் கோட்டுக்கு அப்பால் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால், பந்து மறுபடி உதைத்த அணிக்கே. பெண்கள் தொடரில் அது ‘40/30’. இலக்கு 10 மீட்டர் முன்னால் வருகிறது. சிறிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் பின்வரிசையில் நிற்கும் விங் (ஓரங்களில் ஆடும்) ஆட்டக்காரர்கள் இருவரும் கடைசித் தடுப்பாளரான ஃபுல் பேக்கும் எந்த இடத்தில் நிற்பது என்பதையே இது மாற்றிவிடுகிறது. விங் முன்னே ஏறி நின்றால் முதுகுக்குப் பின்னே 40/30க்கு இடம் திறந்து கிடக்கும். இறங்கி நின்றால் முன்வரிசையில் ஓர் ஆள் குறையும். நான்காவது டேக்கிளில், யாரும் எதிர்பாராத நேரத்தில், இந்த உதை வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாவதில் எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு: டேக்கிள் செய்தவர் விழுந்தவர் மேல் படுத்துக்கொண்டு தாமதம் செய்தால் நடுவர் கையை வீசி ‘சிக்ஸ் அகெய்ன்’ காட்டுவார். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் நிற்காது. தன் கோட்டின் மேல் தற்காத்துக்கொண்டிருக்கும் அணிக்கு இப்படி அடுத்தடுத்து இரண்டு வந்தால், பெரும்பாலும் மூன்றாவது செட்டில் (ஆறு டேக்கிள் கொண்டது ஒரு செட்) ட்ரை விழும்; அதாவது, பந்தை அவர்கள் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துவிடுவார்கள். ஆட்கள் மூச்சு வாங்க நேரமே இருக்காது.

சிட்னி ரூஸ்டர்ஸ் 2025இல் 11 சுற்றும் தோற்காமல் வந்து, இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் பிராங்கோஸிடம் 22–18 என்று தோற்றார்கள். இது நியாயமா?
– வாசகர், பராமட்டா

நியாயமா என்பதற்கு முன்னால், இந்தத் தொடர் எவ்வளவு குட்டையானது என்பதைப் பார்க்க வேண்டும்.

2018இல் தொடங்கியபோது நான்கே அணிகள்: பிராங்கோஸ், ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். ஒவ்வொருவரும் மற்ற மூவருடன் ஒருமுறை ஆடி, பிறகு இறுதிப் போட்டி. மொத்தம் 7 ஆட்டம். அடுத்து ஆறு அணி, ஐந்து சுற்று. 2023இல் பத்து அணி, ஒன்பது சுற்று. 2025இல் கேன்டர்பரி புல்டாக்ஸ் புதிதாக வந்தது, கோவிட் காலத்தில் விலகிய வாரியர்ஸ் திரும்பி வந்தது. 12 அணி, 11 சுற்று, லீக் கட்டத்தில் மட்டும் 66 ஆட்டம்.

ஐந்து சுற்றுக் காலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2022 சீசனே சாட்சி. ரூஸ்டர்ஸ் ஐந்தும் வென்று முதலிடம். பராமட்டா ஈல்ஸ் ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றது. பிராங்கோஸும் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸும் அதே ஒரு வெற்றியோடு நின்றதால், எடுத்த புள்ளி–கொடுத்த புள்ளி வித்தியாசத்தில் ஈல்ஸ் நான்காம் இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குப் போனது. அங்கே தோல்வியே காணாத ரூஸ்டர்ஸை வீழ்த்தியது. இறுதியில் நியூகாசில் நைட்ஸிடம் 32–12 என்று தோற்றது. அந்த நைட்ஸ் யார்? கோவிட்டால் தள்ளிப்போய் அதே 2022ஆம் ஆண்டின் ஏப்ரலில் முடிந்த முந்தைய சீசனில் ஐந்தும் தோற்றுக் கடைசி இடத்தில் நின்ற அணி. ஆறே மாதத்தில் கடைசி இடத்திலிருந்து கோப்பைக்கு!

2025 அப்படி இல்லை. முதல் ஆறு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றன. முதல் இரண்டு இடத்துக்கு முதல் வாரம் ஓய்வு. அந்த இரண்டு அணிகள்தான் கடைசியில் மோதின. பட்டியல் பொய் சொல்லவில்லை. ரூஸ்டர்ஸ் இழந்தது ஓர் ஆட்டத்தை, நான்கு புள்ளியில். பட்டியலில் முதலிடம் பெறுவது வேறு, கோப்பை வேறு என்பது ஆஸ்திரேலிய விளையாட்டுகளில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. எங்கள் கருத்தில் 2025இன் முடிவு ரூஸ்டர்ஸுக்கு வலிக்கும் முடிவுதான், அநியாயம் அல்ல. 2022இல் நடந்ததைத்தான் அநியாயம் என்று வாதிட இடமுண்டு.

குறை சொல்லத்தான் வேண்டும் என்றால் வேறொன்றைச் சொல்லலாம். 11 என்பது ஒற்றைப்படை. ஒவ்வொரு அணியுடனும் ஒரே ஒருமுறை ஆடும்போது சிலருக்கு ஆறு ஆட்டம் சொந்த மண்ணில், சிலருக்கு ஐந்து. ஆக்லாந்துக்கோ டவுன்ஸ்வில்லுக்கோ விமானம் ஏறிப் போய் ஆட வேண்டிய வாரம் யாருக்கு விழுகிறது என்பதும் அட்டவணையின் கையில்.

புள்ளி வித்தியாசத்தை எப்படிக் கணக்குப் போடுவது? தோற்றுவிட்ட ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ட்ரை போட்டு ஏன் இவ்வளவு குதிக்கிறார்கள்?
– வாசகி, மதுரை

பட்டியலில் வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0. சமநிலையில் நிற்கும் அணிகளைப் பிரிப்பது வித்தியாசம்: சீசன் முழுக்க ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழிப்பது.

ஓர் உதாரணம். ஆறாம் இடத்துக்குப் போட்டியிடும் அ, ஆ இரண்டு அணிக்கும் கடைசிச் சுற்றுக்கு முன் பட்டியலில் 10 புள்ளி. அ அணியின் வித்தியாசம் +18, ஆ அணியின் வித்தியாசம் +12. கடைசிச் சுற்றில் இரண்டும் தோற்கின்றன. அ அணி 10–22, ஆ அணி 16–20. இப்போது அ: 18இல் 12 போக +6. ஆ: 12இல் 4 போக +8. ஆ முன்னே போய்விட்டது. அதே ஆட்டத்தில் அ அணி கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரையும் (4) கன்வர்ஷனும் (2) எடுத்து 16–22 என்று தோற்றிருந்தால்? 18இல் 6 போக +12. ஆறாம் இடம் அ அணிக்கு. குதிப்பது இதற்குத்தான்.

ட்ரைக்கு 4, அதன் பின் உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டி உதைக்கு 2, ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் குத்தி உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 1. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கேப்டன்களின் முடிவும் புரியும். ஆறு புள்ளி முன்னிலையில் பெனால்டி கிடைத்தால் பெரும்பாலும் உதைப்பார்கள். முன்னிலை எட்டானால் எதிரணிக்கு ஒரு ட்ரை போதாது. நான்கு புள்ளி முன்னிலையில் உதைத்தாலும் லாபம் உண்டு. கன்வர்ஷனோடு ட்ரை அடித்தாலும் எதிரணியால் சமன்தான் செய்ய முடியும். இரண்டு புள்ளி முன்னிலையில்தான் யோசனை: உதைத்தால் நான்கு, அதைக் கன்வர்ஷனுடன் வரும் ஒரு ட்ரை தாண்டிவிடும். அதைவிடப் பந்தை வைத்துக்கொண்டு ட்ரைக்குப் போவதே மேல் என்று நினைக்கும் அணிகள் உண்டு. அந்த 22–18 இறுதியிலும் ரூஸ்டர்ஸுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ட்ரை. கன்வர்ஷன் இல்லாவிட்டால் சமன், இருந்தால் கோப்பை.

எதற்கு 70 நிமிடம்? ஆண்கள் 80 ஆடுகிறார்களே.
– வாசகர், திருச்சி

ஆரம்ப ஆண்டுகளில் 60தான். இப்போது 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. 80 ஆக்குவதில் தடையாக இருப்பது உடல்வலு அல்ல, பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம். பலரும் வேறு வேலைக்கோ படிப்புக்கோ போய்க்கொண்டே ஆடுபவர்கள். அணியின் தரம் உயர உயர நிமிடமும் கூடும்.

ஒரு கணக்கு மட்டும் கவனியுங்கள். தவறு செய்தவரை வெளியே உட்கார வைக்கும் ‘சின் பின்’ தண்டனை 10 நிமிடம். 80 நிமிட ஆட்டத்தில் அது எட்டில் ஒரு பங்கு. 70இல் ஏழில் ஒரு பங்கு. உயரமாகக் கழுத்தைப் பிடித்து வெளியே போகும் ஓர் ஆளின் விலை பெண்கள் ஆட்டத்தில் கொஞ்சம் அதிகம்.

நான் மாவட்ட அளவில் கபடி ஆடியவள். டேக்கிள் என்றால் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகி, தேனி

பாதி சரி. காலை ஊன்றி இடுப்பைத் தாழ்த்தி நிற்பது, பிடித்ததை விடாமல் பூட்டுவது, இருவர் மூவராகச் சேர்ந்து ஒருவரை மடக்குவது – இவையெல்லாம் கபடியிலிருந்து அப்படியே வரும். கணுக்கால் பிடியும் லீக்கில் செல்லும். வேகமாக ஓடும் விங்கைப் பின்னாலிருந்து நிறுத்த அதுவே கடைசி ஆயுதம்.

மறக்க வேண்டியவையும் உண்டு. கபடியில் ரெய்டர் உங்கள் பாதிக்குள் வந்து நின்று விளையாடுகிறார்; நீங்கள் சமயம் பார்த்துப் பிடிக்கிறீர்கள். லீக்கில் ஆள் 10 மீட்டர் தூரத்திலிருந்து முழு வேகத்தில் நேராக உங்கள் மேல் ஓடி வருவார். அங்கே முன்னால் பாய்ந்து காலைப் பிடிக்கப் போனால் உங்கள் தலை அவருடைய முழங்காலில் மோதும். தலையில் அடிபடுவதற்கு முதல் காரணமே டேக்கிள் செய்பவர் தன் தலையைத் தவறான பக்கம் வைப்பது.

பழக வேண்டிய வரிசை இது. முதலில் தூரத்தைக் குறையுங்கள்; நின்று காத்திருக்காமல் இரண்டு மூன்று அடி முன்னேறிச் சென்று கடைசி நொடியில் அடிகளைச் சிறிதாக்குங்கள். முன்னங்கால் எதிராளியின் காலுக்கு அருகே விழ வேண்டும். கால் தூரத்தில் நின்றால் கையை நீட்டிப் பிடிக்கப் போவீர்கள், தோளில் காயம் அங்கேதான் வரும். கண் அவருடைய இடுப்பில் இருக்கட்டும், முகத்தையோ பந்தையோ பார்க்காதீர்கள். தலை அவருடைய முதுகுப் பக்கமாக, கன்னம் இடுப்பின் பின்சதையை ஒட்டி இருக்க வேண்டும். வயிற்றுக்கு முன்னால் ஒருபோதும் கூடாது. தோள் பட்டதும் இரண்டு கையாலும் சுற்றிக் கட்டி, காலை நிறுத்தாமல் தொடர்ந்து தள்ளுங்கள். இதை முதலில் முழங்கால் போட்டு, பிறகு நடந்து, பிறகு மெதுவான ஓட்டத்தில், கடைசியாக முழு வேகத்தில் என்று படிப்படியாகப் பழகுங்கள். வலது தோளுக்கு எத்தனை முறையோ இடது தோளுக்கும் அத்தனை முறை. பலவீனமான பக்கம் எது என்பதை எதிரணி முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று: பிடித்தவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, உங்கள் முழு எடையையும் அவருடைய காலின் பின்புறம் போட்டு உட்காருவதற்கு ‘ஹிப் டிராப்’ என்று பெயர். முழங்காலும் கணுக்காலும் மடங்கி உடையும் என்பதால் லீக்கில் அது குற்றம். கபடிப் பழக்கத்தில் தன்னறியாமல் வரக்கூடியது, எச்சரிக்கையாக இருங்கள்.

பெண்களுக்கு முழங்கால் தசைநார் அடிக்கடி கிழிகிறது என்கிறார்களே. இந்தத் தொடரில் அதனால் என்ன ஆகிறது?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஏசிஎல் எனப்படும் அந்த முழங்கால் இணைப்பிழை, ஓடித் திரும்பும் விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் கிழிகிறது. இடுப்பு–முழங்கால் அமைப்பு, ஹார்மோன், தரையில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயும் பழக்கம், சிறு வயதிலிருந்து எடைப் பயிற்சி கிடைக்காதது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். இவற்றில் மாற்றக்கூடியவை கடைசி இரண்டும்தான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப ஆட வழக்கமாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். இதைத் தொடரின் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். ஜூலையில் கிழிந்தால் அந்த சீசன் முழுதும் போச்சு, ஆனால் அடுத்த ஜூலைக்குள் தேறிவிடலாம். செப்டம்பர் கடைசியில் கிழிந்தால் அடுத்த ஜூலைக்கு ஒன்பது மாதம்தான். அவசரப்பட்டு வந்தால் அதே கால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் இரண்டு சீசன். ஆண்கள் தொடர் மார்ச் முதல் அக்டோபர் வரை நீளும் என்பதால், காயம் பட்டவர் தொடரின் பிற்பகுதியிலாவது திரும்ப வரலாம். 11 வாரத் தொடரில் ‘பிற்பகுதி’ என்று ஒன்றே இல்லை.

தலைக்காயத்துக்கும் இதே நிலைதான். மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் உறுதி செய்தால் 11 நாள் ஆடக்கூடாது. வாரம் ஓர் ஆட்டம் என்றால் குறைந்தது ஒன்று போகும். அட்டவணை நெருக்கமாக இருந்தால் இரண்டு. சந்தேகம் என்றாலே ஆட்டத்தின் நடுவில் 15 நிமிடம் வெளியே அழைத்துப் போய்ச் சோதிப்பார்கள். அந்த முடிவில் பயிற்சியாளர் தலையிட முடியாது.

தடுக்க என்ன செய்வது? கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11 பிளஸ்’ போன்ற 20 நிமிட வார்ம் அப், வாரம் குறைந்தது இரண்டு முறை. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, குதித்து இறங்கும்போது முழங்கால் பாதத்தின் நேர்மேலே இருப்பது, ஓடி வந்து மூன்றே அடியில் நிற்பது, தொடையின் பின்தசைக்கான நார்டிக் பயிற்சி. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, முதல் மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆட்டங்கள் தொடங்கியதும் நேரமில்லை என்று விட்டுவிடுவது. காயம் வருவது அப்போதுதான்.

எங்கள் மகளுக்கு 13 வயது. பள்ளியில் டேக் (ஆளைப் பிடிக்காமல் இடுப்புப் பட்டையை உருவும் ஆட்டம்) ஆடிவிட்டு இப்போது டேக்கிள் ஆட வேண்டும் என்கிறாள். எங்கே, எப்போது சேர்ப்பது? என்ன வாங்க வேண்டும்?
– பெற்றோர், டூங்காபி, சிட்னி

நீங்கள் இருப்பது ஈல்ஸ் அணியின் எல்லைக்குள். டூங்காபி டைகர்ஸ், வென்ட்வொர்த்வில் மேக்பைஸ் என்று ஜூனியர் கிளப்புகள் பக்கத்திலேயே உண்டு. பெண் பிள்ளைகளுக்கான அணி உங்கள் மகளின் வயதுப் பிரிவில் இந்த ஆண்டு இருக்கிறதா என்று கிளப்பிடம் முதலில் கேளுங்கள். ஒரு கிளப்பில் ஆள் சேராவிட்டால் பக்கத்துக் கிளப்பில் சேர்த்துவிடுவார்கள். ‘பிளே ரக்பி லீக்’ இணையதளத்தில் பதிவு நடக்கும். ஆட்டங்கள் குளிர்காலத்தில் என்பதால் கோடை விடுமுறை (டிசம்பர்–ஜனவரி) முடிவதற்குள் பதிந்துவிடுவது நல்லது. மே மாதம் போய் நின்றால் இடம் இருக்காது.

வாங்க வேண்டியதில் முதலாவது மவுத் கார்டு. கடையில் வாங்கி வெந்நீரில் மென்மையாக்கிக் கடிக்கும் வகை தொடக்கத்துக்குப் போதும். ஆனால் பல் வரிசைக் கம்பி போட்டிருந்தால் பல் மருத்துவரிடம் அளவெடுத்தே செய்யுங்கள். பூட்ஸ் காலுக்கு இப்போது பொருந்த வேண்டும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால் திரும்பும்போது பாதம் உள்ளே நழுவும். ஸ்போர்ட்ஸ் பிராவில் கம்பியோ பிளாஸ்டிக் கொக்கியோ இருக்கக் கூடாது. தலைமுடியைத் துணி ரப்பர் போட்டுக் கட்டுங்கள், கிளிப் வேண்டாம். தோடு, மூக்குத்தி, வளையல் கழற்ற வேண்டும். மேலே பிளாஸ்திரி ஒட்டினால் போதும் என்று நடுவர் விடமாட்டார். அதனால் காதோ மூக்கோ குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்ததும் குத்துங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். தலைக்குப் போடும் மென்தொப்பி காது கிழிவதையும் சிராய்ப்பையும் தடுக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அதை மாட்டிய தைரியத்தில் தலையைக் கொடுத்து ஆடும் பிள்ளைகள் உண்டு, சொல்லி வையுங்கள்.

மேலே போகும் பாதை: நியூ சவுத் வேல்ஸில் 17 வயதுக்குட்பட்டோருக்கு லிசா ஃபியாவோலா கோப்பை, 19க்குட்பட்டோருக்கு டார்ஷா கேல் கோப்பை. அங்கிருந்து மாநிலப் போட்டி, பிறகு என்ஆர்எல்டபிள்யூ. ஜெஸ்ஸி சவுத்வெல் 17 வயதில் நைட்ஸ் அணிக்காக 2022 இறுதிப் போட்டியில் ஆடி வென்றார். அது விதிவிலக்கு, அதை வைத்து வீட்டில் கணக்குப் போட வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு? இதை நம்பி வாழ முடியுமா?
– வாசகி, பெங்களூரு

2023இல்தான் பெண்களுக்கு முதன்முதலாக முழுமையான கூட்டு ஊதிய ஒப்பந்தம் வந்தது. அதன்படி குறைந்தபட்ச ஊதியம் அந்த ஆண்டு 30,000 ஆஸ்திரேலிய டாலர். ஆண்டுதோறும் ஏறி 2027இல் 50,000ஐத் தாண்டும். பிரசவ கால உரிமைகளும் ஒப்பந்தத்தில் உண்டு. ஒரு கிளப் மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2023இல் சுமார் 9 லட்சம் டாலர், 2027இல் சுமார் 15 லட்சம். சிட்னியில் வாடகை கொடுத்து வாழ்பவருக்கு 30,000 எந்த மூலைக்கு? அதனால்தான் நர்ஸ், ஆசிரியை, போலீஸ், தச்சர் என்று இன்னொரு வேலையும் பலருக்கு இருக்கிறது. சனிக்கிழமைக் கூலியை ஈடு கட்டுவதற்காகவே 1895இல் பிறந்த ஆட்டம், பெண்களுக்கு அதைச் செய்ய நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது!

உச்சவரம்புக்கு இன்னொரு பக்கம் உண்டு. எல்லா நட்சத்திரங்களையும் ஒரே கிளப் வாங்கி அடுக்க முடியாது. முதல் மூன்று கோப்பையையும் (2018, 2019, 2020) பிராங்கோஸ் வென்றது. அணிகள் கூடியதும் ஆட்கள் கலைந்தார்கள். அதன் ஃபுல் பேக் டமிக்கா அப்டன் நைட்ஸுக்குப் போனார். நைட்ஸ் 2022, 2023 இரண்டையும் வென்றது. 2025இல் அவர் பிராங்கோஸுக்குத் திரும்பினார். அந்த ஆண்டே கோப்பையும் திரும்பியது. ஓர் ஆளால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் 11 வாரத் தொடரில் நல்ல ஃபுல் பேக் ஒருவரின் கனம், 27 சுற்று ஆடும் ஆண்கள் தொடரைவிட அதிகம். அதே ஞாயிறன்று பிராங்கோஸ் ஆண்கள் அணியும் வென்றது. ஒரே கிளப் ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றது அதுவே முதல் முறை.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு தொடர் உண்டா?
– வாசகர், லெய்ஸ்டர்

உண்டு. பெண்கள் சூப்பர் லீக், 2017இலிருந்து. யார்க் வால்கிரி 2023, 2024 இரண்டையும் வென்றது. பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதி 2023இல் முதன்முதலாக வெம்ப்ளியில் நடந்தது. செயின்ட் ஹெலன்ஸ் லீட்ஸை 22–8 என்று வென்றது. ஊதியத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மிகவும் பின்தங்கியிருப்பதால், அங்கிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் என்ஆர்எல்டபிள்யூவுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

இந்திய நேரத்தில் ஆட்டம் பார்க்கக் கணக்குச் சொல்லுங்கள். போன வருடம் இறுதிப் போட்டியை ஒரு மணி நேரம் தாமதமாகப் போட்டு முதல் பாதியைக் கோட்டைவிட்டேன்.
– வாசகர், புதுச்சேரி

நீங்கள் மட்டுமல்ல. ஜூலை முதல் செப்டம்பர் வரை சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். சிட்னியில் மாலை 4 மணி ஆட்டம் நமக்குக் காலை 11:30. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் முதல் ஞாயிறு விடியற்காலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். இறுதிப் போட்டியும் அதே ஞாயிறுதான்: 2022இல் அக்டோபர் 2, 2023இல் 1, 2024இல் 6, 2025இல் 5. இந்தத் தொடரில் அன்று ஒரு நாள் மட்டும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். மாலை 4 மணி நமக்கு 10:30. குயின்ஸ்லாந்தில் கடிகாரம் மாறாது என்பதால், பிரிஸ்பேனில் இருக்கும் உறவினரிடம் நேரம் கேட்டுக் குழம்பாதீர்கள். அவர்களும் அன்று சிட்னியைவிட ஒரு மணி நேரம் பின்னால்தான்.